பழைய கிணற்றில் ஆள் இறங்கும் முன்பு: தூர் வாருவோருக்கும் மோட்டார் பார்ப்போருக்கும் முழுமையான வழிகாட்டி

நாங்குநேரி, வள்ளியூர், திசையன்விளைப் பக்கம் சித்திரை, வைகாசியில் கிணற்றுத் தண்ணீர் அடியில் போனதும் தூர் வாரும் வேலை தொடங்கிவிடும். பாளையங்கோட்டை, மேலப்பாளையம் வீடுகளில் போர் போட்ட பிறகு பலகைக்கல் போட்டு மூடிய கிணறுகளையும் போர் வறண்டதும் திறக்கிறார்கள். இந்த இரண்டு வேலைக்கும் புதிதாக வருகிற பையன்கள் ஒரே இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். கயிறு இருக்கும், ஆள் இருக்கும், சில நேரம் ஹெல்மெட்கூட இருக்கும். எதை முதலில் செய்வது என்ற வரிசை இருக்காது. ஆள் இறங்கிய பிறகு கரண்டை அணைப்பார்கள். தலை சுற்றிய பிறகு காற்றைப் பற்றி யோசிப்பார்கள்.

ஆள் உள்ளே போன பிறகு செய்ய முடிகிற பாதுகாப்பு மிகக் குறைவு. கிட்டத்தட்ட எல்லாமே மேட்டில் நிற்கும்போதே முடிந்திருக்க வேண்டும். கீழே உள்ள படிகளை அந்தக் கணக்கில்தான் அடுக்கியிருக்கிறேன். இடம் மாற்றிச் செய்ய வேண்டாம்.

ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். இது தண்ணீர்க் கிணற்றுக்கு மட்டும். செப்டிக் டேங்குக்கு இதை வைத்துக்கொண்டு யாரும் இறங்க வேண்டாம். பாதுகாப்பு இல்லாமல் மனிதரை இறக்கி அதைச் சுத்தம் செய்ய வைப்பது 2013-ம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். உறிஞ்சும் லாரியைக் கூப்பிடுங்கள்.

முன்கூட்டியே கையில் இருக்க வேண்டியவை

- நான்கு வாயு காட்டும் கேஸ் மீட்டர் (ஆக்சிஜன், தீப்பற்றும் வாயு, கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரஜன் சல்பைடு)
- காற்று ஊதும் புளோயர், கிணற்றின் அடிவரை எட்டும் குழாய்
- முழு உடல் ஹார்னஸ் (தோள், தொடை சேர்த்து மாட்டும் பாதுகாப்புப் பட்டை), அதற்கென்று தனிக் கயிறு
- கப்பி மாட்ட முக்காலி, அல்லது வின்ச் (கயிற்றைச் சுற்றி இழுக்கும் கருவி) பொருத்திய முக்காலி
- மண் அள்ள வேறொரு கயிறு, நாக்கு உள்ள கொக்கி
- ஹெல்மெட், பேட்டரியில் எரியும் தலைவிளக்கு
- டெஸ்டர், பூட்டு, சார்ஜ் ஏறிய போன்

பட்டியலைப் பார்த்ததும் பலர் கேட்பது, "மீட்டர் இல்லாமல் முடியாதா அண்ணாச்சி?" என்பதுதான். குறுகலான உறைக்கிணறு, மூடிக் கிடந்த கிணறு, பாழுங்கிணறு இந்த மூன்றுக்கும் முடியாது. ஹார்னஸை இரண்டு வருஷம் தள்ளி வாங்கினாலும் பரவாயில்லை, மீட்டரை முதலில் வாங்குங்கள் என்று சிலர் சொல்வார்கள். அதுவும் தப்பு. மீட்டர் ஆபத்தைச் சொல்லும், ஹார்னஸ்தான் ஆளை வெளியே கொண்டுவரும். இரண்டும் சேர்ந்துதான் ஒரு கருவி.

1. இறங்கத்தான் வேண்டுமா என்று பாருங்கள்

சப்மெர்சிபிள் மோட்டாரைத் தூக்க ஆள் இறங்க வேண்டியதே இல்லை. பைப்போடு மேலேயே இழுத்துவிடலாம். விழுந்த வாளிக்குப் பாதாளக்கொலுசு இருக்கிறது. ஃபுட் வால்வில் (உறிஞ்சு பைப்பின் அடிமுனை வால்வு) கசடு அடைத்திருந்தால் பைப்பைக் கழற்றித் தூக்கிப் பார்க்கலாம். இலை தழை மிதந்தால் நீளக் கம்பில் வலை கட்டி அள்ளிவிடலாம்.

இறங்கியே ஆக வேண்டிய வேலைகள் என்று பார்த்தால் அடிச் சகதி வாருவது, கல்கட்டு சரி செய்வது, சைடு போர் (கிணற்றுச் சுவரில் பக்கவாட்டில் போட்ட துளை) பார்ப்பது, இப்படிச் சிலதான். செருப்பு விழுந்ததற்கும் செல்போன் விழுந்ததற்கும் இறங்குகிற பழக்கத்தை விட்டாலே பாதி ஆபத்து போய்விடும்.

நாளையும் பாருங்கள். மேகம் மூட்டம் போட்டு, இலை அசையாமல் புழுங்குகிற நாளில் காற்றழுத்தம் குறையும். அப்போது மண்ணிடுக்கில் கிடக்கும் ஆக்சிஜன் குறைந்த காற்று கிணற்றுக்குள் கசியும். நேற்று ஒன்றும் செய்யாத கிணறு இன்று ஆளைச் சாய்ப்பதற்கு இதுவும் ஒரு காரணம். மழை பெய்து கரை ஊறிய மறுநாளும் வேண்டாம்.

2. ஆட்களுக்கு வேலையைப் பிரித்துக் கொடுங்கள்

குறைந்தது நான்கு பேர் வேண்டும். ஒருவர் இறங்குபவர். இரண்டு பேர் கயிற்றில். நான்காவது ஆள் மேட்டில் நின்று கீழே இருப்பவரைப் பார்ப்பவர். அவருக்கு வேறு எந்த வேலையும் கிடையாது. டீ வாங்கப் போகக்கூடாது, மண் வாளியை வாங்கிக் கொட்டக்கூடாது, போன் பேசக்கூடாது.

இந்த நான்காவது ஆளைத்தான் எல்லாரும் மிச்சம் பிடிக்கிறார்கள். சும்மா நிற்பவருக்கு ஏன் கூலி என்று கிணற்றுக்காரர் கேட்பார். அவர் நிற்பதற்குத்தான் கூலி என்று முதலிலேயே பேசி முடித்துக்கொள்ளுங்கள்.

இறங்குபவர் முந்தின இரவு குடித்திருந்தாலோ, சளி, காய்ச்சல், வலிப்பு, இளைப்பு இருந்தாலோ அன்றைக்கு மேட்டு வேலை மட்டும். இதில் சொந்தக்காரன், மாப்பிள்ளை என்று முகதாட்சண்யம் பார்க்க வேண்டாம்.

3. கரண்டைத் துண்டியுங்கள்

தோட்டக் கிணறுகளில் புதியவர்கள் கவனிக்காத விஷயம் இது. சுவிட்சை அணைத்தால் போதும் என்று நினைப்பார்கள். ஆனால் நம் பக்கத்து பம்ப்செட்கள் பலவற்றில் ஆட்டோ சுவிட்ச் மாட்டியிருக்கிறது. மும்முனை மின்சாரம் வந்ததும் யாரும் தொடாமலே மோட்டார் ஓடும். கரண்ட் வரும் நேரம் மாறிக்கொண்டே இருப்பதால் விவசாயி அப்படித்தான் வைத்திருப்பார், அவருக்கு வசதி. உள்ளே ஆள் நிற்கும்போது அதே வசதிதான் ஆபத்து.

இன்னொன்று மொபைல் ஸ்டார்ட்டர். ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் ஒரு சிம் இருக்கும். கிணற்றுக்காரர் மும்பையில் உட்கார்ந்து போன் போட்டால் இங்கே மோட்டார் ஓடும். இங்கே ஆள் இறங்கியிருப்பது அவருக்கு எப்படித் தெரியும்?

அதனால் வரிசை இப்படி. ஸ்டார்ட்டரை அணையுங்கள். மெயினை இறக்குங்கள். மூன்று ஃபியூஸ் கேரியரையும் பிடுங்குங்கள். பிடுங்கியதை அங்கேயே பெட்டி மேல் வைக்காமல், இறங்குபவரே தன் பையில் போட்டுக்கொண்டு இறங்கட்டும். பெட்டிக்குப் பூட்டுப் போடுங்கள். அப்புறம் மோட்டார் வயர் முனையில் டெஸ்டர் வைத்துப் பாருங்கள். டெஸ்டர் வேலை செய்கிறதா என்று முதலில் கரண்ட் உள்ள வேறிடத்தில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். கெட்டுப்போன டெஸ்டர் எல்லா வயரிலும் கரண்ட் இல்லை என்றுதான் சொல்லும்.

ஒரு கிணற்றில் இரண்டு பங்காளிகளுக்கு இரண்டு மோட்டார் இருப்பது இங்கே சகஜம். இரண்டு சர்வீஸையும் துண்டிக்க வேண்டும். அண்ணன் தம்பி பேச்சுவார்த்தை இல்லாத வீடாக இருந்தால் நீங்களே போய் இரண்டு பேரிடமும் சொல்லுங்கள்.

உள்ளே வெளிச்சத்துக்கு வீட்டு வயரில் பல்பு மாட்டித் தொங்கவிடாதீர்கள். தலைவிளக்கு போதும். மேட்டில் புளோயருக்குக் கரண்ட் எடுத்தால் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் சுவிட்ச்) வழியாக எடுங்கள். வயர் ஒட்டுப்போட்டதாக இருக்கக்கூடாது.

4. கிணற்று மேட்டைச் சரி செய்யுங்கள்

விளிம்பிலிருந்து ஐந்தடிக்குள் கல், கடப்பாரை, மண்வெட்டி எதுவும் கிடக்கக்கூடாது. ஐம்பதடி ஆழத்தில் நிற்பவர் தலையில் மேலேயிருந்து தவறிய சின்னக் கல்லும் கொல்லும். அள்ளிய மண்ணைக் கிணற்று ஓரத்திலேயே குவிக்காதீர்கள். குவியல் சரிந்து உள்ளேயே விழும். அதன் பாரம் கரையையும் தள்ளும். சட்டைப்பையில் போன், சாவி வைத்துக்கொண்டு எட்டிப் பார்ப்பவர்களையும் தள்ளி நிற்கச் சொல்லுங்கள்.

கைப்பிடிச் சுவர் இல்லாத தோட்டக் கிணறு என்றால் சுற்றிக் கம்பு நட்டுக் கயிறு கட்டுங்கள். வேடிக்கை பார்க்க வருகிற பிள்ளைகளுக்காக.

கல்கட்டில் வேர் விட்டிருக்கும் அரசு, ஆல் கன்றுகளைப் பாருங்கள். வேர் புகுந்த இடத்தில் கல் ஆடும். அதற்கு நேர் கீழே யாரும் நின்று வேலை செய்யக்கூடாது. ஆடுகிற கல்லை மேலிருந்தே கம்பியால் நெம்பித் தள்ளிவிட்டுப் பிறகு இறங்குங்கள்.

5. தண்ணீர் இறைக்கிற இன்ஜினை மேலே வையுங்கள்

தண்ணீர் ஆழத்தில் கிடந்தால் மேட்டில் வைத்த பம்ப் உறிஞ்சாது. சுமார் 25 அடிக்கு மேல் உறிஞ்சு ஏறாது என்பது நமக்கெல்லாம் தெரிந்ததுதான். உடனே பெட்ரோல் பம்பையோ டீசல் இன்ஜினையோ கயிறு கட்டிக் கிணற்றுத் திட்டில் இறக்கி வைத்து ஓட்டுவார்கள். இதைச் செய்யவே கூடாது.

இன்ஜின் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு மணம் கிடையாது, நிறம் கிடையாது. கிணற்றுக்குள் அது தேங்கும். தலைவலி வரும், குமட்டும், வெயில் என்று நினைப்பார்கள். அப்புறம் கால் துவளும். இன்ஜினை அணைத்து அரை மணி நேரம் விட்டு இறங்குவதும் போதாது; காற்றோட்டம் இல்லாத குழியில் அது தானாக வெளியேறாது.

சரி, எப்படி இறைப்பது? கரண்டில் ஓடும் சப்மெர்சிபிள் பம்பை ஆள் இல்லாதபோது இறக்கி ஓட்டி, பிறகு மூன்றாம் படியைத் திரும்பச் செய்து, அதன் பின் ஆளை இறக்குங்கள். பம்ப் ஓடும்போது யாரும் தண்ணீருக்குள் நிற்கக்கூடாது.

ஜெனரேட்டர், கம்ப்ரஸர் டிராக்டர் எல்லாம் மேட்டில் நின்றாலும் காற்று வருகிற பக்கம் நிற்கக்கூடாது. மேல்காற்று அடிக்கும்போது இன்ஜின் கிணற்றுக்குக் கிழக்கே இருக்கட்டும். மேற்கே நிறுத்தினால் புகை நேராகக் கிணற்றுக்குள்தான் இறங்கும். புளோயரின் வாய் அந்தப் புகையை உறிஞ்சினால் இன்னும் மோசம், குழாய் வழியாக அடிவரைக்கும் அனுப்பிவிடும்.

6. காற்றைச் சோதியுங்கள்

சாதாரணக் காற்றில் ஆக்சிஜன் 20.9 சதவீதம். 19.5-க்குக் கீழே போனால் இறங்கக்கூடாது. கிணற்றில் இது குறைவதற்கு விஷம் எதுவும் இருக்க வேண்டியதில்லை. வேப்பிலை, புளிய இலை விழுந்து மக்கும்போது அதுவே ஆக்சிஜனைத் தின்றுவிடும். வெளிவரும் கரியமில வாயு காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம் என்பதால் அடியிலேயே படுத்துக்கிடக்கும்.

"மூச்சு முட்டினால் ஏறிவிடுவேன்" என்று சொல்லாத புதியவரை நான் பார்த்ததில்லை. ஆக்சிஜன் குறைந்தால் பெரும்பாலும் மூச்சு முட்டாது. உடம்புக்கு மூச்சு முட்டுகிற உணர்வைத் தருவது உள்ளே சேருகிற கரியமில வாயு; ஆக்சிஜன் குறைவதை அது அப்படி உணர்வதில்லை. ஆக்சிஜன் மட்டும் குறைந்த காற்றில் ஆள் தெளிவாக இருப்பதாகவே நினைப்பார், சிரித்துப் பேசுவார், புத்தி மந்தமாகும், முழங்கால் மடங்கும். பத்து சதவீதத்துக்குக் கீழே முன்னறிவிப்பே இல்லாமல் நினைவு போய்விடும். ஏறுவதற்கு நேரமே இருக்காது.

ஹைட்ரஜன் சல்பைடு வேறு மாதிரி. அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். நாற்றம் நின்றுவிட்டால் வாயு போய்விட்டது என்று நினைக்காதீர்கள். 100 பி.பி.எம். (பத்து லட்சம் பங்கு காற்றில் 100 பங்கு) அளவுக்கு வந்ததும் மூக்கு மரத்துப்போகும். கக்கூஸ் குழிக்குப் பக்கத்தில் உள்ள வீட்டுக் கிணறுகளில் இதைக் கட்டாயம் எதிர்பாருங்கள்.

இப்போது மெழுகுவர்த்தி. அரிக்கேன் விளக்கையோ மெழுகுவர்த்தியையோ வாளியில் இறக்கி, அணையாவிட்டால் இறங்கலாம் என்பது ஊரெல்லாம் உள்ள வழக்கம். ஆக்சிஜன் 16, 17 சதவீதம் வரை குறைந்த பிறகுதான் சுடர் அணையும். அதற்கு முன்பே மனிதன் தடுமாறத் தொடங்கியிருப்பான். கார்பன் மோனாக்சைடையும் ஹைட்ரஜன் சல்பைடையும் சுடர் காட்டிக்கொடுக்காது. மீத்தேன் 5 முதல் 15 சதவீதம் வரை கலந்திருந்தால் அந்தச் சுடரே வெடிக்கவைக்கும். விளக்கு அணைந்தால் இறங்காதே என்பது சரி. அணையாவிட்டால் இறங்கு என்பதுதான் ஆளைக் கொல்கிற பகுதி.

மீட்டரைப் பயன்படுத்தும் விதம்:

கிணற்றிலிருந்து தள்ளி, பைக் புகை இல்லாத வெட்டவெளியில் ஆன் செய்யுங்கள். ஆக்சிஜன் 20.9, மற்றவை பூஜ்யம் காட்ட வேண்டும். கிணற்று வாயிலேயே ஆன் செய்தால் கெட்ட காற்றையே நல்ல காற்று என்று அது கணக்கு வைத்துக்கொள்ளும்.

வலுவான நூலில் கட்டி மெதுவாக இறக்குங்கள். மேலே, நடுவில், தண்ணீருக்கு ஓரடி மேலே என மூன்று இடத்திலும் இரண்டு நிமிஷம் நிறுத்துங்கள். அவசரமாக இறக்கி ஏற்றினால் சென்சார் உணர்வதற்குள் மேலே வந்துவிடும்.

தூக்கிய பிறகு திரையில் தெரிவது மேட்டுக் காற்றின் அளவு. அதைப் பார்த்து "சரியாத்தான் இருக்கு" என்பவர்கள் அதிகம். மீட்டரின் நினைவில் பதிந்த உச்ச அளவையும், ஆக்சிஜனின் குறைந்த அளவையும் பொத்தானை அழுத்திப் பாருங்கள்.

தீப்பற்றும் வாயு, வெடிக்கும் குறைந்தபட்ச அளவில் பத்து சதவீதத்தைத் தொட்டாலோ, ஹைட்ரஜன் சல்பைடு 10 பி.பி.எம். தொட்டாலோ, கார்பன் மோனாக்சைடு 35 பி.பி.எம். தொட்டாலோ இறங்கக்கூடாது. சாதாரணமாக மீட்டர் அலறுவதும் இந்த அளவுகளில்தான்.

7. காற்றை மாற்றுங்கள்

மீட்டர் நல்லது சொன்னாலும் குறுகலான கிணற்றில் புளோயர் ஓட வேண்டும். குழாயின் நுனி தண்ணீருக்கு நான்கைந்து அடி மேலே நிற்க வேண்டும். மேலிருந்து விளிம்பில் ஃபேன் வைத்து ஊதினால் மேல் பத்தடிக் காற்று மட்டும் சுழலும். அடியில் கிடப்பது அப்படியே கிடக்கும்.

எவ்வளவு நேரம்? கணக்குப் போடலாம். நான்கடி விட்டம், நாற்பதடி ஆழம் உள்ள உறைக்கிணறு. அரை விட்டம் இரண்டடி. 2 × 2 × 3.14 × 40 என்றால் சுமார் 500 கன அடி. அதைப் பத்து மடங்கு மாற்றுவது என் வழக்கம், அதாவது 5,000 கன அடி. நிமிஷத்துக்கு 500 கன அடி ஊதும் புளோயர் என்றால் பத்து நிமிஷம். குழாய் வளைவில் பாதி வேகம் போய்விடும் என்பதால் இருபது நிமிஷம் ஓட்டுங்கள். பிறகு மறுபடி மீட்டர்.

வேப்பங்குழையைக் கயிற்றில் கட்டி மேலும் கீழும் இழுப்பது, வாளி வாளியாகத் தண்ணீரை விசிறி ஊற்றுவது, இவை பழைய முறைகள். காற்றைக் கொஞ்சம் கலக்கும். இல்லாததற்கு அது மேல், ஆனால் அதை நம்பி இறங்க முடியாது.

வெல்டிங் பட்டறையிலிருந்து ஆக்சிஜன் சிலிண்டரைக் கொண்டுவந்து கிணற்றுக்குள் திறந்துவிடுகிற யோசனையும் வரும். கூடவே கூடாது. ஆக்சிஜன் கூடினால் துணியும் எண்ணெயும் தீப்பொறியில் குப்பென்று பற்றும்.

8. கயிறு, கப்பி, ஹார்னஸ்

இடுப்பில் கயிறு கட்டி இறக்கும் வழக்கத்தை நிறுத்துங்கள். மயங்கிய ஆளை இடுப்புக் கயிற்றில் இழுத்தால் உடம்பு இரண்டாக மடங்கும், மூச்சு அடைபடும், குறுகலான கிணற்றில் சிக்கும். முழு உடல் ஹார்னஸின் முதுகு வளையத்தில் கயிற்றை மாட்டினால் ஆள் நிமிர்ந்தபடி வருவார்.

கயிற்றை ஒவ்வொரு முறையும் கையால் தடவிப் பாருங்கள். வடக்கயிறு வெளியே நன்றாகத் தெரியும்; முறுக்கைப் பிரித்தால் உள்ளே நார் பொடியாக உதிரும். அது மண் வாளிக்கே ஆகாது. நைலான் கயிறு வெயிலில் கிடந்தால் மேல்புறம் வெளுத்து மொரமொரப்பாகிவிடும், அதையும் தூக்கிப் போடுங்கள்.

இரும்பு வடத்தில் ஒரு துணியை வைத்து முழுநீளமும் உருவினால் அறுந்த கம்பி துணியில் மாட்டும். வடத்தை மடக்கிக் கிளாம்ப் போடும்போது கவனிக்க வேண்டியது ஒன்று. கிளாம்பின் அடிக்கட்டை பாரம் தாங்கும் நீளமான பக்கத்தில் உட்கார வேண்டும். யு வடிவக் கம்பி வெட்டி விட்ட நுனிப் பக்கத்தில் வர வேண்டும். மாற்றிப் போட்டால் யு கம்பி பாரம் தாங்கும் வடத்தையே நசுக்கும். மூன்று கிளாம்ப் போட்டிருந்தால் மூன்றும் ஒரே பக்கம் பார்க்க வேண்டும். ஒன்று இப்படி, ஒன்று அப்படி என்று மாற்றிப் போட்டிருப்பதைக் கிணறு வெட்டும் கிரேன்கள் பலவற்றில் பார்க்கலாம்.

செயின் பிளாக் மோட்டார் தூக்க அருமையான சாமான். ஆளை அவசரத்துக்குத் தூக்க அது ஆகாது, மிக மெதுவாக ஏறும். வின்ச் இல்லையென்றால் முக்காலியில் கப்பி மாட்டி, கயிற்றைப் பிடித்துக்கொண்டு நான்கு பேர் பின்னோக்கி நடப்பது வேகமானது. அந்தத் தூரத்துக்கு நடைபாதை காலியாக இருக்க வேண்டும். அக்கம்பக்கத்திலிருந்து இரண்டு பேர் கூப்பிடு தூரத்தில் இருக்கட்டும். டிராக்டரிலோ பைக்கிலோ கட்டி இழுக்கக்கூடாது. ஆள் கல்லில் சிக்கினால் வண்டிக்குத் தெரியாது.

இறங்குபவரின் எடைக்கு ஒரு மணல் மூட்டை கட்டி, இறக்கி, அன்றைக்கு நிற்கிற அதே ஆட்களை வைத்துத் தூக்கிப் பாருங்கள். மூட்டை ஏறாவிட்டால் மயங்கிய ஆளும் ஏறமாட்டார். பலர் இந்த ஒத்திகையைச் சிரித்துக்கொண்டே தவிர்ப்பார்கள். முக்காலியின் கால் நழுவுவதும், கப்பி துருப்பிடித்து இறுகிக் கிடப்பதும் மூட்டையில்தான் தெரியவரும்.

9. இறங்குதல்

மண் வாளியில் நின்றுகொண்டு இறங்கக்கூடாது, ஏறவும் கூடாது. கிணறு வெட்டும் கிரேன்களில் இது அன்றாடப் பழக்கம் என்று தெரியும். வாளியின் கொக்கி நழுவினாலோ வடம் அறுந்தாலோ பிடித்துக்கொள்ள வேறு எதுவும் இல்லை. மண்ணுக்கு ஒரு கயிறு, மனிதனுக்கு ஒரு கயிறு. படி உள்ள கிணறாக இருந்தாலும் ஹார்னஸ் கயிறு கழற்றப்படாமல் கூடவே போக வேண்டும்.

சைகையை மேலேயே பேசிக்கொள்ளுங்கள். ஒரு இழுப்பு என்றால் நிறுத்து, இரண்டு என்றால் இறக்கு, மூன்று என்றால் தூக்கு. பதில் வராவிட்டால் தூக்கு. மீட்டர் இறங்குபவரின் நெஞ்சுப் பக்கம் மாட்டியிருக்க வேண்டும். பத்தடிக்கு ஒருமுறை நின்று மேலே இருப்பவரோடு பேசட்டும்.

பேச்சு என்றால் "ம்" போதாது. கேள்வி கேளுங்கள். உறையில் எத்தனை வளையம் தாண்டினாய், தண்ணீர் எவ்வளவு கீழே இருக்கிறது, இப்படி. பதில் குழறினால், சம்பந்தமில்லாமல் வந்தால், காரணம் கேட்காமல் தூக்குங்கள். அவர் "இன்னும் அஞ்சு நிமிஷம், பைய ஏறிருதேன்" என்று சொன்னாலும் தூக்குங்கள். அந்த நேரத்தில் முடிவெடுப்பவர் மேலே இருப்பவர்தான்.

10. உள்ளே வேலை நடக்கும்போது

சகதியைக் கிளறும்போதுதான் அதற்குள் அடைபட்ட வாயு வெளியே வரும். காலையில் சோதித்தது, புளோயர் போட்டது எல்லாம் சகதியைத் தொடும் முன் உள்ள நிலவரம். முதல் மண்வெட்டி விழுந்ததும் நிலவரம் மாறும். அதனால் புளோயரை அணைக்கக்கூடாது, மீட்டரைக் கழற்றக்கூடாது. சத்தமாக இருக்கிறது, பேச்சு கேட்கவில்லை என்று புளோயரை நிறுத்துவதுதான் இங்கே வழக்கமாக நடக்கும் தப்பு. மீட்டர் அலறினால் மண்வெட்டியை அப்படியே போட்டுவிட்டு ஏற வேண்டும். சாமானை எடுக்க நிற்க வேண்டாம்.

வாளியில் முக்கால் அளவுக்கு மேல் மண் வேண்டாம். வாளி ஏறும்போது தோட்டக் கிணற்றில் எதிர்ச் சுவரோரம் ஒதுங்குங்கள். உறைக்கிணற்றில் ஒதுங்க இடமே இருக்காது. அங்கே சின்ன வாளி, நாக்கு உள்ள கொக்கி, ஹெல்மெட், இந்த மூன்றும் தவறக்கூடாது.

அரை மணிக்கு ஒருமுறை ஆளை மேலே ஏற்றித் தண்ணீரும் உப்புப் போட்ட மோரும் கொடுங்கள். சித்திரை வெயிலில் காலை பதினொன்றுக்குள் முடிகிற மாதிரி வேலையைப் பிரித்துக்கொள்ளுங்கள்.

ஆழப்படுத்த வெடி வைப்பது உரிமம் உள்ளவர்களின் வேலை. வெடித்த புகையில் கார்பன் மோனாக்சைடு நிறைய இருக்கும். புகை கண்ணுக்குத் தெரியாமல் போனதை வைத்து இறங்காதீர்கள்; ஏழாம் படியையும் ஆறாம் படியையும் திரும்பச் செய்யுங்கள்.

11. கீழே இருப்பவர் சாய்ந்துவிட்டால்

யாரும் இறங்கக்கூடாது. ஒருவர் மயங்கியதும் அவரைத் தூக்க அண்ணன் குதிப்பார், அண்ணனைத் தூக்கப் பக்கத்து வீட்டுக்காரர் குதிப்பார். ஒரே கிணற்றில் இரண்டு மூன்று பேர் சாவது இப்படித்தான். முதல் ஆளைச் சாய்த்த காற்று அதே இடத்தில்தான் இருக்கிறது. மேட்டில் நிற்பவரின் முதல் வேலை, இறங்கப் பாய்பவரைப் பிடித்து நிறுத்துவது.

தூக்குங்கள். ஹார்னஸும் ஒத்திகையும் இதற்காகத்தான். புளோயர் நின்றிருந்தால் ஓடவிடுங்கள். இன்னொருவர் அதே நேரத்தில் 108-க்கும், 101 அல்லது 112-க்கும் போன் செய்யட்டும். ஊர்ப் பெயரோடு "கிணற்றுக்குள் ஆள், காற்று சரியில்லை" என்று சொன்னால் தீயணைப்புத் துறையினர் மூச்சுக்கருவியோடு வருவார்கள். தோட்டத்துக்கு வழி தெரியாது என்பதால் ஒரு பையனை மெயின் ரோட்டில் நிறுத்துங்கள்.

மேலே கொண்டுவந்தவரைக் கிணற்றிலிருந்து தள்ளிக் காற்றோட்டமான இடத்தில் மல்லாக்கப் படுக்க வையுங்கள். மூச்சு இல்லை, அசைவு இல்லை என்றால் நெஞ்சின் நடுவில் இரண்டு உள்ளங்கையையும் ஒன்றன் மேல் ஒன்றாக வைத்து, ஐந்து சென்டிமீட்டர் ஆழம் இறங்கும்படி, நிமிஷத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்துங்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை ஆள் மாற்றி ஆள் விடாமல் செய்யுங்கள். அழுகிய முட்டை நாற்றம் இருந்தால் வாயோடு வாய் வைத்து ஊத வேண்டாம், அழுத்துவது போதும். முகத்தில் தண்ணீர் தெளிப்பது, சோடா கொடுப்பது இதெல்லாம் நேரத்தை வீணாக்கும். மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றக்கூடாது.

சில நிமிஷத்தில் எழுந்து உட்கார்ந்து "ஒண்ணுமில்ல" என்றாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். வாயு நுரையீரலில் செய்யும் கெடுதல் சில மணி நேரம் கழித்தும் தெரியலாம்.

12. வேலை முடிந்த பிறகு

ஆட்களை எண்ணுங்கள், அப்புறம்தான் ஃபியூஸ் கேரியர். இறங்கியவர் தன் பையிலிருந்து தானே எடுத்து மாட்டட்டும்.

குடிநீர்க் கிணறு என்றால் பிளீச்சிங் பவுடர் போடுவார்கள். ஆள் மேலே வந்து, இனி யாரும் இறங்க வேண்டியதில்லை என்று உறுதியான பிறகு மட்டும் போடுங்கள். குளோரின் வாயுவும் கனமானது, அடியில் தேங்கும். நல்ல பவுடராக இருந்தால் 1,000 லிட்டருக்குச் சுமார் 2.5 கிராம். நேராகக் கொட்டாமல் வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படிந்ததும் தெளிந்த நீரை மட்டும் வேறு வாளியில் ஊற்றி, கிணற்றுத் தண்ணீருக்குள் இறக்கி ஏற்றி இறக்கிக் கலக்குங்கள். ஒரு மணி நேரம் கழித்துத் தண்ணீர் எடுக்கலாம்.

திரும்ப மூடும்போது பலகைக்கல்லோ காங்கிரீட் பலகையோ வேண்டாம். இரும்புக் கம்பி வலை போடுங்கள், அதன் மேல் இலை விழாமல் நெருக்கமான நைலான் வலை. காற்று போய்வரும், குழந்தைகளும் ஆடு மாடும் விழாது. வலையில் பூட்டுடன் ஒரு சின்னக் கதவு வையுங்கள். இல்லையென்றால் அடுத்த தடவை மோட்டார் தூக்க வருகிறவர் வலையை அறுத்துவிட்டுப் போய்விடுவார்.